கரண்ட் பிடிக்கிற அறை

நெஞ்சுப் படம் எடுக்கிறதுதான் என் வேலை. எக்ஸ்ரே இல்லை. எக்ஸ்ரேக்காரர் வேறு ஆள், அவருக்கு இருட்டறையும் இருந்தது, தலைக்கனமும் இருந்தது. நான் எடுத்தது ஈ.சி.ஜி. இரண்டு கையிலும் இரண்டு காலிலும் தகட்டை வைத்து ரப்பர் வாரால் கட்டி, நெஞ்சில் பசை பூசி ஒரு குமிழைப் பிடிக்கவைத்து, பொத்தானை அமத்தினால் கட்டம் போட்ட கடதாசி நாடா மாதிரி வெளியே வரும். நெஞ்சு துடிக்கிறதை ஊசி அதில் கீறிக்கொண்டு போகும். அவ்வளவுதான். அந்த மெசின் உடம்புக்குள் ஒன்றையும் அனுப்பாது. உடம்பிலிருந்து வருகிறதை வாங்கிக் கீறும். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடைய ஆட்களுக்கு இதைப் பத்து வருடமாகச் சொல்லாமல் இருந்தவன் நான்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சின்ன இடம், அது போதும். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டு ஆம்பிளைகள் எல்லாருக்கும் கடல்தான் தொழில். என்னை மட்டும் படிக்க விட்டார்கள். கெட்டிக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். வள்ளத்தில் ஏறினால் வயிறு பிரட்டிச் சத்தி எடுப்பேன். "கடல்காரன்ர வீட்டில சத்தி எடுக்கிற பிள்ளை" என்று கரையில் எல்லாரும் பகிடி பண்ணுவார்கள். அந்தப் பகிடிக்குத் தப்பி ஓடித்தான் நான் ஆஸ்பத்திரி உத்தியோகத்தில் போய் விழுந்தேன்.

மெசின் வந்த புதிதில் பழகுவதற்கு ஒரு உடம்பு தேவைப்பட்டது. என்னை நானே கட்டிப்போட்டுக்கொண்டு பொத்தானை அமத்த ஏலாது. ஒரு நாள் காலையில் என் தம்பி எனக்கு மீன் கொண்டுவந்தான். பத்தொன்பது வயது. தோள் இரண்டும் அகன்று, நல்ல வடிவான பொடியன். கரைவலையில் கயிறு இழுக்கிறவன். வலையின் மடி கல்லில் கொழுவினால் முழுகிப் போய்க் கழற்றி விடுகிறவனும் அவன்தான்.

"ஏறிப் படடா" என்றேன்.

"ஏன், எனக்கென்ன வருத்தம்?"

"உனக்கொண்டும் இல்லை. நான் பழகோணும்."

"மீன் மணக்குமண்ணை."

"மெசினுக்கு மூக்கில்லை. படு."

படுத்தான். பசை குளிர்ந்ததும் கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தான். சிரித்தால் ஊசி தாறுமாறாகக் கீறும், பேசாமல் கிட என்று ஏசினேன். நாடாவை வெட்டி மேசையில் வைத்துவிட்டு மறந்துபோனேன். அந்தக் கிழமை கொழும்பிலிருந்து நெஞ்சு டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், மாதம் ஒருமுறை ரெயிலில் வந்து நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போவார். மேசையில் கிடந்ததை எடுத்துப் பார்த்தார். ஜன்னலடிக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் பார்த்தார்.

"இது ஆருடையது?"

"என்ர தம்பியின்ரது டொக்டர். பழகிறதுக்கு எடுத்தனான். பிழையாக் கட்டிப்போட்டன் போல."

"நீர் பிழையாக் கட்டேல்லை" என்றார். "ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும்."

தம்பியைக் குந்தி இருக்கச் சொன்னார், எழும்பச் சொன்னார், நெஞ்சில் குழாயை வைத்துக் கனநேரம் கேட்டார். பிறகு அவனை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம், "உம்மட தகப்பனார் இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

இல்லை. அப்பா நான் பதினொரு வயதாக இருக்கும்போது கரைவலைக் கயிறு கையிலிருக்க விழுந்து செத்தவர். சித்தப்பா நிலாவெளி றோட்டில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பஸ்ஸும் நின்றது, அவரும் நின்றார், பிறகு விழுந்தார். பெரியப்பா நான் பிறக்க முந்தியே போனவர். ஒருவரும் நாற்பதைக் காணவில்லை. கண்ணூறு என்று சிலர் சொன்னார்கள், அம்மனுக்கு வைத்த நேர்த்தி தவறியது என்று சிலர் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அதைப் பெரிதாகவும் கதைப்பதில்லை. "எங்கட ஆம்பிளைகள் கெதியாப் போயிடுவினம்" என்று சொல்வார்கள், வழுக்கை விழுகிற குடும்பத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

டொக்டர் ஒரு கடதாசியில் சதுரமும் வட்டமும் போட்டு எனக்கு விளங்கப்படுத்தினார். சதுரம் ஆண், வட்டம் பெண். இருதயத்தின் சுவர் தடித்துக்கொண்டு போகிற வருத்தம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது. பிள்ளைகளில் அரைவாசிப் பேருக்கு வரலாம், மற்றவர்களைத் தொடாமலே விடலாம். அபூர்வமான வருத்தம், மாற்ற மருந்து இல்லை. எந்த வயதில் தொடங்குகிறது, எவ்வளவு கெதியாகப் போகிறது, யாரை விழுத்துகிறது, யாரை விடுகிறது என்று அப்போது ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. "வருசா வருசம் உம்மட குடும்பத்தில எல்லாருக்கும் படம் எடுக்கோணும். ஒரு பத்து வருசம் விடாமல் எடுத்தால் இது போற வழி தெரியும். தெரிஞ்சால் சிலரை முந்திப் பிடிக்கலாம்" என்றார். தம்பி கயிறு இழுக்கக் கூடாது, முழுகவே கூடாது என்றார்.

எனக்கும் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. சுத்தமான நெஞ்சு. சந்தோசப்பட்டேன், ஏன் பொய் சொல்ல? வெளியே வந்து தம்பி வாங்கில் குந்தியிருந்து பாண் தின்கிறதைக் கண்ட பிறகுதான் வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இவன் நாற்பதைக் காண வேண்டும்.

சரி, ஆட்களைக் கூட்டி வர வேண்டுமே. சல்லிக்குப் போய் வீடு வீடாகக் கதைத்தேன். ஒருவரும் அசையவில்லை. நல்லா இருக்கிறவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் வருத்தக்காரனாகத்தான் திரும்பி வருவான் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். அப்பாவின் தங்கச்சி, என் மாமி, கரையில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டா: "அந்தப் பெட்டி என்ன செய்யும்?"

"நெஞ்சைப் படம் பிடிக்கும் மாமி."

"பிடிச்சா வருத்தம் மாறுமோ?"

"மாறாது."

"பேந்தென்னத்துக்கு மருமகன், வேலைமினக்கெட்டு?"

இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதே கதை. மூன்றாம் ஞாயிறு மண் கொதித்தது, எனக்குத் தலையிடி, மாமி திரும்பவும் அதையே கேட்டா. எனக்குச் சினம் வந்துவிட்டது. "கரண்ட் பிடிக்கும் மாமி! நெஞ்சுக்கு நல்லது! வாறதெண்டா வாங்கோ, இல்லாட்டி விடுங்கோ!" என்று கத்திவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சல்லியில் அப்போது கரண்ட் இல்லை. எங்களுக்குக் கரண்ட் என்றால் துறைமுகத்தில் தெரிகிற வெளிச்சம், கப்பலிலிருந்து இரும்புப் பெட்டியைத் தூக்குகிற கிரேன். அதை நெஞ்சுக்குப் பிடித்துவிடுகிறார்கள் என்றால் சும்மாவா? அடுத்த சனிக்கிழமை இருபத்திரண்டு பேர் லொறியில் வந்து இறங்கினார்கள். தலை முழுகி, திருநீறு பூசி, வெள்ளை உடுத்து. முதல் நாள் மீன்கூடச் சாப்பிடவில்லை. மீன்காரர் மரக்கறி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கட்டினேன்.

படம் எடுத்து முடிந்ததும் பசையைத் துடைக்கத் துணி கொடுத்தேன். ஒருவரும் துடைக்கவில்லை. பொழுதுபடும்வரை நெஞ்சில் இருக்கட்டும், அப்போதுதான் கரண்ட் உள்ளே ஊறும் என்று தங்களுக்குள் ஒரு முறை வைத்துவிட்டார்கள். யார் தொடக்கினார்களோ தெரியாது, நான் சொல்லவில்லை. மாமி எழும்பி இருந்து, "நெஞ்சு பஞ்சு மாதிரிப் போச்சு" என்றா. மாமியைப் பார்த்து மற்றவர்களும் அதையே சொன்னார்கள். டொக்டருக்கு வாயெல்லாம் பல். எப்படிக் கூட்டி வந்தனீர் என்று கேட்டார். "சொன்னன், வந்தவை" என்றேன். பிறகு வந்த வருடங்களில் அவரும் "எல்லாருக்கும் கரண்ட் பிடிச்சாச்சோ?" என்று கேட்பார். அவருக்கு அது பகிடி. நாட்டுப்புறத்து ஆட்கள் மெசினுக்கு வைத்த பட்டப்பெயர் என்று நினைத்தார். நான் திருத்தவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் முத்துமாரியம்மன் கோயில் பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை என் அறை நிறைந்துவிடும். பொங்கலுக்குத் திரியாயிலிருந்தும் மூதூரிலிருந்தும் சொந்தக்காரர் வருவார்கள், அப்படியே லொறியில் ஏற்றிவிடுவார்கள். டொக்டர் பெரிய பழுப்புக் கடதாசி ஒன்றில் எங்கள் குடும்பத்தைச் சதுரமும் வட்டமுமாகக் கீறி அலுமாரிக்குள் வைத்திருந்தார். செத்தவர்களுக்குக் கறுப்பு அடித்திருந்தது. நான் ஒவ்வொருவருடைய நாடாவையும் வெட்டி, வருடத்தை எழுதி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஒரு கொப்பியில் ஒட்டினேன். பார்க்கப் பார்க்க எனக்கும் வாசிக்கத் தெரிந்துவிட்டது. கோட்டில் எழும்புகிறதை டொக்டர் அலை என்பார். நல்ல நெஞ்சில் பெரிய அலைக்குப் பிறகு சின்னதாக ஒன்று மேல்நோக்கி வரும். தம்பியின் நாடாவில் பெரிய அலை வருடா வருடம் உயர்ந்துகொண்டு போனது. பின்னால் வருகிற சின்ன அலை முதலில் தட்டையாகி, பிறகு கவிழ்ந்து, பிறகு ஆழமாகக் கீழே இறங்கியது. மாமியின் நாடாவும் சரியில்லைத்தான், ஆனால் அது அப்படியே நின்றது. ஒரே குடும்பம், ஒரே வருத்தம், ஒன்று நடக்கிறது, ஒன்று ஓடுகிறது. ஏன் என்று கேட்டேன். "அதைத்தானே பார்க்கிறம்" என்றார் டொக்டர்.

தம்பி முதல் வருடம் டொக்டரின் சொல்லைக் கேட்டான். கயிறு பிடிக்கவில்லை. கரையில் இருந்து கிழிந்த வலை பொத்தினான். பெண்டுகளோடு இருந்து வலை பொத்துகிறான் என்று பகிடி பண்ணினார்கள். அவன் முகம் செத்துப்போச்சு. அடுத்த வருடம் படம் எடுத்து இரண்டு நாளில் கயிற்றில் போய் நின்றான். கேள்விப்பட்டு சைக்கிளில் பறந்து போனேன்.

"விசரா உனக்கு? டொக்டர் என்ன சொன்னவர்?"

"அது போன வருசம் அண்ணை. இப்பதான் ரெண்டு முறை கரண்ட் பிடிச்சாச்சே."

வாயைத் திறந்தேன். சுற்றி இருபது பேர் நின்றார்கள், எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு. மாமி தேத்தண்ணி கொண்டுவந்தா, எனக்கு முதல் கோப்பை. வள்ளத்தில் சத்தி எடுத்த பிள்ளைக்கு ஊரில் இப்போது முதல் கோப்பை. பொய் சொன்னனான் என்றால் அதோடு சரி, ஒரு குருவியும் ஆஸ்பத்திரிப் பக்கம் வராது, டொக்டரின் பத்து வருடமும் போய்விடும். இதெல்லாம் யோசித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் முதல் கோப்பையைத்தான் யோசித்தேன். "கரண்ட் மட்டும் போதாதடா, கவனமா இருக்கோணும்" என்று அரைகுறையாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

சில வருடத்தில் குளிசை மருந்து வந்தது. நெஞ்சின் ஓட்டத்தைக் குறைக்கிற குளிசை, டொக்டர் கொழும்பிலிருந்து தம்பிக்கென்றே கொண்டுவருவார். போட்டால் கை சோர்கிறது, கயிறு பிடிக்க ஏலாமல் கிடக்கிறது என்று அவன் இரண்டாம் மாதமே விட்டுவிட்டான். போத்தல் வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் நிறைந்தபடி இருந்தது. "கரண்ட் இருக்கேக்க குளிசை என்னத்துக்கு?" என்றான். ஏசினேன், கெஞ்சினேன், கோபித்துக்கொண்டு மூன்று மாதம் கதைக்காமல்கூட இருந்தேன். எல்லாம் செய்தேன். சொல்ல வேண்டிய ஒரு வசனத்தை மட்டும் சொல்லவில்லை.

இதற்கிடையில் மாமியின் மகளை அவனுக்குக் கட்டிவைத்தார்கள். மச்சாளைக் கட்டுகிறது எங்களுக்குள் வழமை, அவர்கள் இரண்டு பேருக்கும் விருப்பமும்கூட. டொக்டர் பழுப்புக் கடதாசியில் அந்தச் சதுரத்தையும் வட்டத்தையும் கோட்டால் இணைத்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். "நீர் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? மச்சாளின் நாடா நல்லாகத்தான் இருந்தது. ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். கடதாசியில் ஒரு சின்ன வட்டம் கூடியது.

பாணுக்கு விடியவே கியூவில் நின்ற காலம் அது. வெளியிலிருந்து ஒரு சாமானும் வராது. ஈ.சி.ஜி. கடதாசியும் வரவில்லை. இருந்த சில உருளைகளை எண்ணி எண்ணிப் பாவித்தோம். ஓரிடத்தில் ஆறு துடிப்பு எடுக்கிற நான் இரண்டு துடிப்போடு நிற்பாட்டினேன். அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு வந்த ஆட்களுக்கும் அப்படித்தான். கட்டி, அமத்தி, நிற்பாட்டி, அடுத்த ஆள். தம்பி எழும்பி இருந்து, "என்னண்ணை, இந்த முறை கரண்டுக்கும் கூப்பனோ?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நாடாவில் கவிழ்ந்த சின்ன அலை அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது, கடதாசியின் கரையைத் தொட்டுவிட்டது.

ஐந்தாம் நாள் முற்பகல், வாசலில் லொறி நிற்கிற சத்தம் கேட்டது. ஆறேழு பேர் ஈரச் சாரம் உடுத்தபடியே தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். டொக்டர்மார் இருக்கிற பக்கம் போகவில்லை. நேரே என் அறைக்கு வந்தார்கள். வலையின் மடி கல்லில் கொழுவியிருக்கிறது. இவன் முழுகிக் கழற்றியிருக்கிறான். மேலே வந்து, கரைக்கு நடந்து வந்து, தண்ணி தாங்கோ என்று கேட்டுவிட்டு இருந்திருக்கிறான். தண்ணி வர முந்திச் சரிந்துவிட்டான். இதெல்லாம் எனக்குப் பிறகு சொன்னது. அப்போது அவர்கள் கத்தினது ஒன்றைத்தான்.

"கரண்ட் பிடியுங்கோ அண்ணை! கெதியாப் பிடியுங்கோ!"

காலைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சல்லியிலிருந்து லொறி வந்து சேருகிற நேரம் கொஞ்ச நேரமா? ஆனால் என் கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. ஈரத்தைத் துடைத்தேன். வாரைக் கட்டினேன். பசை பூசினேன். கூச்சக்காரன், அசையவில்லை. பொத்தானை அமத்தினேன். கடதாசி வந்தது, அதில் ஒரு நேர்கோடு வந்தது. கால்மாட்டில் மச்சாள் அவனுடைய பாதம் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிப்பாட்டாதேங்கோ அத்தான்."

நிற்பாட்டவில்லை. எல்லாரும் கடதாசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது மேசையிலிருந்து வழிந்து நிலத்தில் விழுந்து சுருண்டது. இரண்டு துடிப்புக்கு மேல் ஒருவருக்கும் கொடுக்காத கடதாசி. உருளை முழுக்க முடிந்து, மெசின் வெறுமனே இரைந்தது. அப்போதுதான் யாரோ கூப்பிட்டு ஆஸ்பத்திரி டொக்டர் வந்தார். என்னையும் மெசினையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, தம்பியின் கண்ணை மூடிவிட்டார். மச்சாள் போட்ட சத்தத்தை நான் கேட்டேன். பக்கத்து வளவில் யாரோ அழுகிற மாதிரி, தூரத்தில்.

நான் அழவில்லை. நாடாவில் ஒரு துண்டை வெட்டி, பெயரும் வயதும் திகதியும் எழுதினேன். செத்த வீட்டிலும் அழவில்லை. அம்மா என் நெஞ்சில் அடித்து அடித்து அழுதா, எனக்கு அடி மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். ஆட்களைக் கட்டினேன், அவிழ்த்தேன். பசி வந்தால் சாப்பிட்டேன். வீட்டில் என் மனிசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தது எனக்கு, கடித்தாலும் தெரியவில்லை. கொழும்பு டொக்டர் அடுத்த மாதம் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கொப்பியை எடுத்துத் தந்தார். அவனுடைய நாடாக்களுக்குக் கீழே அந்த நேர்கோட்டையும் ஒட்டினேன். அவர் சதுரத்துக்குக் கறுப்பு அடித்தார். தம்பிக்கு இருபத்தொன்பது வயது.

இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த வருடம் பொங்கல் முடிந்த சனிக்கிழமை, லொறி வந்தது. தலை முழுகி, திருநீறு பூசி, எல்லாரும் வந்து இறங்கினார்கள். கதிரையில் இருந்துவிட்டேன். மச்சாள்தான் முதல் ஆளாக உள்ளே வந்தாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. பிள்ளைக்கு ஏழு வயது, தகப்பனின் முகம். அந்த வருடம்தான் பிள்ளைக்கு முதல் படம். மச்சாள் அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள். நான் கட்டினேன். அமத்தினேன். வந்த நாடாவைப் பார்த்தேன். சின்ன அலை தட்டையாகக் கிடந்தது. பதினொரு வருடத்துக்கு முந்தி மீன் மணத்தோடு படுத்தவனின் முதல் நாடாவை இதன் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று சொல்ல ஏலாது.

பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். மச்சாள் என் கையைப் பிடித்தாள்.

"இவளுக்குக் கொஞ்சம் கூடப் பிடியுங்கோ அத்தான். அவருக்குப் போன முறை கெதியா நிப்பாட்டிப்போட்டியள். அதாலதான் கரண்ட் போதாமப் போச்செண்டு எல்லாரும் சொல்லுகினம். நான் உங்களில பிழை சொல்லேல்லை. கடதாசி இல்லாட்டி நீங்கள் என்ன செய்யிறது?"

அவள் என்னை மன்னிக்கிறாள்! கடவுளே, நான் செய்யாத பிழைக்கு. வாசலில் மாமி, மாமிக்குப் பின்னால் மற்றவர்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்குள் ஏதோ கடித்தது, கடித்தது தெரிந்தது.

"இதில கரண்ட் இல்லை" என்றேன்.

"என்ன?"

"இது கரண்ட் பிடிக்கிறேல்லை. ஒரு நாளும் பிடிச்சதில்லை. இது நெஞ்சை எழுதிற மெசின். எழுதும், அவ்வளவுதான். சுகமாக்காது. உங்களை வரவைக்க நான் பொய் சொன்னனான்."

மச்சாள் பிள்ளையின் காலில் கட்டியிருந்த வாரைப் பார்த்தாள்.

"அப்ப அவருக்கு?"

"அவருக்கும் படம்தான்."

"அண்டைக்குத் தூக்கிக்கொண்டு வந்தனாங்களே. அண்டைக்குப் பிடிச்சது?"

"அதுவும்."

"அவர் கடலுக்குப் போகேக்கயெல்லாம் நான் பயமில்லாமல் இருந்தனான்" என்றாள். சத்தம் போடவில்லை. "குளிசையை எறிஞ்சபோதும் நான் ஒண்டும் சொல்லேல்லை. கரண்ட் பிடிச்ச நெஞ்சுதானே எண்டு. தெரிஞ்சிருந்தா அவரின்ர காலில விழுந்தெண்டாலும் மறிச்சிருப்பன்."

மாமி வாசலில் நின்றபடி, "நாசமாப் போவாய்" என்றா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தினா. ஆட்கள் ஒவ்வொருவராக லொறிப் பக்கம் போனார்கள். ஒருவரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

மச்சாள் மட்டும் போகவில்லை. "இவளுக்கு என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"இருக்கு. தகப்பனுக்கு இருந்ததுதான். தொடக்கம்."

அவள் வார்களைத் தானே அவிழ்த்தாள். துணியைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் நெஞ்சில் இருந்த பசையை ஒரு பொட்டும் இல்லாமல் துடைத்தாள். எங்கள் ஆட்களில் அதைத் துடைத்த முதல் ஆள் அவள்தான். துணியை என் மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டரிடமும் சொன்னேன். என்னை ஏசவில்லை. "எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். அவையள் பசையைத் துடைக்காமல் போறதை நானும் கண்டனான்தானே" என்றார். படம் எடுக்க வருகிறவர்கள் அரைவாசிக்கும் குறைந்துபோனார்கள். மாமி வரவே இல்லை. பழுப்புக் கடதாசியில் பல வட்டங்களுக்கும் சதுரங்களுக்கும் கீழே அந்த வருடத்தோடு எழுத்து நின்றுவிட்டது. ஊரில் எனக்கு யாரும் தேத்தண்ணி தருவதில்லை. நானும் போவது குறைவு.

ஆனால் மச்சாள் வந்தாள். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும், நான் அந்த அறையில் இருந்த எல்லா வருடமும். பிள்ளைக்குக் குளிசை ஒரு நாளும் தவறவில்லை. ஓட விடமாட்டாள், நீந்த விடமாட்டாள், பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கு அனுப்பமாட்டாள். நாடா ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது, தகப்பனின் வேகத்தில் இல்லை. டொக்டருக்கு அது பெரிய விசயம், கொப்பியில் அதைச் சிவப்பால் குறித்து வைத்தார். மச்சாள் கேட்க வேண்டியதையெல்லாம் டொக்டரிடம் கேட்பாள். என்னோடு ஒரு வார்த்தை கதைக்கமாட்டாள். வாசலடியில் பிள்ளையின் கையைப் பிடித்தபடி நிற்பாள், கட்டிலடிக்கு விடமாட்டாள். பிள்ளைதான் என்னைப் பார்த்துக் கேட்க வேண்டும். தாய் சொல்லிக் கொடுத்தது.

"பெரியப்பா, இதால எனக்குச் சுகம் வருமோ?"

"வராது அம்மா. இது படம் மட்டும்தான்."

நான் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் மச்சாள் பிள்ளையின் கையை விடுவாள்.